டீச்சர் வந்தாங்க, ஆயா வந்துச்சு

தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் காலை வேளையில் நின்றால் மலையாளத்துக்குச் சமமாகத் தமிழும் காதில் விழும். குளச்சல், தூத்தூர்ப் பக்கத்துக் கடலோடிகள் பல காலமாக இங்கே படகு கட்டுகிறார்கள். சிலர் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். சற்றுத் தள்ளி மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் உண்டு. வெளி மைதானத்தருகே சலவைத் தொழில் செய்யும் குடும்பங்கள் டச்சுக்காரர் காலத்தில் வந்தவர்களின் வழியினர் என்று சொல்லப்படுகிறது. இவர்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசுகிறார்கள். மரியாதை என்கிற சரக்கை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு நாள்தோறும் ஏற்றி இறக்குவது இந்தக் குழந்தைகள்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது இது. பையன் இரண்டாம் வகுப்பு. "பெரியவர்களை நீங்க என்றுதான் சொல்ல வேண்டும்" என்று அம்மா ஓதி ஓதி வளர்த்த பிள்ளை. வகுப்பில் ஏதோ வீட்டுப்பாடம் விட்டுப்போயிருக்கிறது. ஏன் எழுதவில்லை என்று டீச்சர் கேட்க, பையன் எழுந்து நின்று, கை கட்டி, தன் மலையாளத்தில் "நிங்கள் பறஞ்ஞில்லல்லோ" என்றான். 'நீங்க சொல்லலையே' என்பதன் நேர் மொழிபெயர்ப்பு. வகுப்பு சிரித்தது. அம்மாவுக்கு ஆள் வந்தது. பையனுக்கு மரியாதை கற்றுக்கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அம்மாவுக்குப் புரியவில்லை. பையனுக்கும்தான். அவன் தன்னிடமிருந்த அத்தனை மரியாதையையும் போட்டுத்தானே பேசினான்!

விஷயம் இதுதான். கொச்சியிலும் அதற்குத் தெற்கிலும் தனக்கு மேலானவரைப் பார்த்து 'நிங்கள்' என்றால் சற்று முகத்தில் அறைந்த மாதிரி. மலபாரில் அதே சொல் மரியாதைச் சொல். 'தாங்கள்' என்று ஒன்று உண்டு; அது கடிதத்துக்கும் மேடைக்கும் ஆனது. அப்படியானால் கொச்சிக் குழந்தை டீச்சரை எப்படி முன்னிலையில் குறிப்பிடுகிறது? குறிப்பிடுவதே இல்லை. முன்னிலைப் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'டீச்சர்' என்பதையே வைக்கிறது. "டீச்சர் பறஞ்ஞில்லல்லோ." எதிரே நிற்பவரிடமே, அவர் அங்கே இல்லாதது போலப் பேசுவது. தமிழ்க் காதுக்கு விநோதம். ஆனால் அங்கே அதுதான் பணிவு.

இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரியது. தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தது, வந்தார், வந்தார்கள் என்று வினைமுற்றைச் சொல்லி முடிப்பதற்குள் வந்தவரின் பால் மட்டுமல்ல, மதிப்பும் தெரிந்துவிடும். மலையாளம் இந்த வாலைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உதிர்த்துவிட்டது. ஹெட்மாஸ்டர் 'வந்நு', பியூன் 'வந்நு', தெருநாய் 'வந்நு'. ஊரிலிருந்து வரும் தமிழ்ப் பாட்டிகள் இதைக் கேட்டு, "இந்த ஊரில் பெரியவர் சின்னவர் கிடையாதா?" என்று கேட்பார்கள். உண்டு பாட்டி, வேறு இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

பாட்டிகள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் நான்கு வயதுக் குழந்தை பாலர் பள்ளியிலிருந்து திரும்பி வந்து சொல்வதைக் கவனியுங்கள். "இன்னிக்கு டீச்சர் வந்தாங்க. ஆயா வந்துச்சு." டீச்சருக்கு வயது இருபத்தைந்து இருக்கும். ஆயாவுக்கு ஐம்பது. குழந்தைக்கு மூக்குச் சிந்திவிட்டதும், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கொடுத்ததும், அழுதபோது இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டதும் ஆயாதான். ஆனாலும் வினையின் வால் அவருக்கு அஃறிணையில் முடிகிறது. (பல மாவட்டங்களில் 'அம்மா வந்துச்சு' என்பது பாசம். அதை நான் அறிவேன். ஆனால் அந்தப் பாசம் டீச்சருக்கு மட்டும் ஏன் நீட்டப்படுவதில்லை?) இதை யாரும் பாடமாக நடத்தவில்லை. குழந்தை கேட்டுக் கற்றுக்கொண்டது. யாருக்கு 'ஆங்க', யாருக்கு 'உச்சு' என்ற பட்டியலைப் பெரியவர்கள் தினமும் தங்கள் வாயால் வாசிக்கிறார்கள். குழந்தை பிழையில்லாமல் ஒப்பிக்கிறது.

கேரளத்தில் மரியாதை குறித்த விவாதம் வேறொரு முனையில் தொடங்கியது. 2021இல் பாலக்காடு மாவட்டம் மாத்தூர் கிராமப் பஞ்சாயத்து தன் அலுவலகத்தில் 'சார்', 'மேடம்' என்று யாரும் யாரையும் அழைக்க வேண்டாம் என்று தீர்மானித்தது. பெயரையோ பதவியையோ சொல்லலாம். விரும்பினால் சேட்டன், சேச்சி என்று கூப்பிடலாம். மனுக்களில் 'கேட்டுக்கொள்கிறேன்' என்ற கெஞ்சலும் வேண்டாம் என்றார்கள். அதே மாவட்டத்தில் ஓலசேரியில் உள்ள அரசு உதவி பெறும் பள்ளி இதைப் பார்த்து, ஆணோ பெண்ணோ எல்லாரும் 'டீச்சர்'தான் என்று முடிவு செய்தது. 2023 ஜனவரியில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இதையே எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக்க வேண்டும் என்று பொதுக்கல்வித் துறையைப் பணித்தது. 'சார்', 'மேடம்' இரண்டும் பாலைச் சுட்டுகின்றன. 'டீச்சர்' தொழிலைச் சுட்டுகிறது. குழந்தைகளுக்கு ஆசிரியரிடம் ஒட்டுதலும் கூடும் என்பது வாதம்.

கேரளத்தில் 'டீச்சர்' என்பது வெறும் பள்ளிக்கூடச் சொல் அல்ல. அமைச்சராக இருந்தபோதும் கே.கே. சைலஜா மக்களுக்கு 'சைலஜா டீச்சர்'தான். ஆண்களுக்கு 'மாஸ்டர்' உருண்டு திரண்டு 'மாஷ்' ஆகி, முன்பின் தெரியாத ஆளைக்கூட "மாஷே" என்று கூப்பிடும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. நம் 'உபாத்தியாயர்' தேய்ந்து 'வாத்தியார்' ஆன மாதிரி. ஆக, ஆணையத்தின் உத்தரவால் உண்மையில் இழப்பு 'மாஷு'க்குத்தான். நல்ல சொல், எனக்கு அதன்மேல் ஒரு பிரியம்.

இந்தச் செய்தியைத் தமிழில் எழுதப் போனால் கை நிற்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சொல்லை நாம் வெளியே தேட வேண்டாம், 'ஆசிரியர்' இருக்கிறது. ஆனால் எந்தக் குழந்தை "ஆசிரியரே, தண்ணீர் குடிக்கப் போகலாமா?" என்று கேட்கும்? கேட்டால் சரித்திர நாடகம் மாதிரி இருக்கும். அரசுப் பள்ளிகளில் சில இடங்களில் 'ஐயா', 'அம்மா' புழங்குகிறது. தனியார் பள்ளியில் 'மிஸ்'. கல்யாணமாகிப் பேரன் எடுத்தாலும் அவர் 'மிஸ்'தான்.

ஆணையத்தின் எண்ணத்தில் குறையில்லை. ஆனால் அந்த விவாதம் முழுக்க ஒரு திசையில்தான் ஓடியது. குழந்தை ஆசிரியரை எப்படி அழைக்க வேண்டும் என்று பேசினார்கள். ஆசிரியர் குழந்தையை எப்படி அழைக்கிறார்? அங்கே 'எடா', 'எடீ'. இங்கே 'டேய்', 'ஏய்', சில வேளை விலங்குகளின் பெயர்கள். மரியாதை என்பது கீழிருந்து மேலே மட்டும் செலுத்தப்படும் வரி என்று எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டது போல இருந்தது.

2025 ஜூலையில் அந்த வரி இன்னொரு வடிவத்தில் வந்தது. குரு பூர்ணிமாவை ஒட்டி காசர்கோடு, ஆலப்புழை மாவட்டங்களில் சில தனியார் பள்ளிகளில் மாணவர்கள் ஆசிரியர்களின் பாதங்களைக் கழுவிப் பூஜை செய்த படங்கள் வெளியாயின. குழந்தைகள் உரிமை ஆணையம் தானாக வழக்கு எடுத்தது. அப்போது கல்வி அமைச்சராக இருந்த வி. சிவன்குட்டி கண்டித்து விளக்கம் கேட்டார். ஆளுநர் ராஜேந்திர அர்லேகர் இது நம் பண்பாடு என்றார். பிறகு நடந்தது வழக்கமான தொலைக்காட்சிச் சண்டை. இரண்டு தரப்பும் பண்பாடு, அரசியல் சட்டம் என்று பெரிய சொற்களை எறிந்துகொண்டன. தரையில் முட்டி போட்டிருந்த சிறுவனின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று கேட்டவர்கள் குறைவு. தான் விரும்பும் ஆசிரியரின் காலில் ஒரு பிள்ளை தானாக விழுந்தால் அதைத் தடுக்க நான் யார்? ஆனால் வரிசையில் நிற்க வைத்து, தாம்பாளத்தைக் கையில் கொடுத்து, படமும் எடுக்கும்போது அவன் கற்றுக்கொள்வது ஆசிரியரை மதிக்க அல்ல. வரிசையை மதிக்க.

பண்பாடு என்று பேசுகிறவர்கள் நன்னூலின் பொதுப்பாயிரத்தை ஒருமுறை புரட்டலாம். தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு இது முதல் பருவத்திலேயே நெட்டுரு. பவணந்தி முனிவர் அங்கே வரிசைப்படுத்துகிற முறை கவனிக்கத்தக்கது. முதலில் நூல். அடுத்து ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், யார் ஆசிரியர் ஆகத் தகாதவர், பாடம் எப்படிச் சொல்ல வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் மாணாக்கன் வருகிறான். நல்லாசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் பூவுக்கும் ஒப்பிடுகிறார். ஆகாத ஆசிரியருக்கு அவர் கொடுக்கும் உவமைகளில் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் தண்ணீர் ஊற்றி வளர்க்க, வளைந்துபோய் அடுத்தவர் தோட்டத்தில் காய் தள்ளும் தென்னை. மாணாக்கர்களிலும் அன்னம், பசு முதல் ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி வரை தரம் பிரிக்கிறார். ஆனால் முதலில் தராசில் ஏறுவது ஆசிரியர்.

வழிபாட்டைப் பற்றியும் அவர் சொல்கிறார். தீக்காய்பவனைப் போல நெருங்கியும் நெருங்காமலும் இரு, நிழலைப் போல விலகாமல் இரு, ஆசிரியர் எதில் மகிழ்வாரோ அதைச் செய் என்கிறார். அங்கேயே ஒரு தாழ்ப்பாளும் போடுகிறார்: அறத்திலிருந்து விலகாமல். ஆசிரியர் மகிழ்வார் என்பதற்காக எதையும் செய்துவிட முடியாது. இந்தத் தாழ்ப்பாளை நம் மரபுப் பேச்சாளர்கள் மேற்கோள் காட்டி நான் கேட்டதில்லை.

இன்னொன்று. பாடம் கேட்கும்போது ஓவியத்தில் எழுதிய பாவையைப் போல அடங்கி இருக்க வேண்டும் என்கிறது நன்னூல். சரி. ஆனால் அவர் பேசுவது இலக்கணம் கற்க ஆசிரியரைத் தேடி வந்த வளர்ந்த மாணாக்கனிடம். நாமோ அந்தப் பாவையைக் கொண்டுவந்து எல்.கே.ஜி. வகுப்பில் உட்கார வைத்துவிட்டோம். 'கை கட்டு, வாய் பொத்து' என்பது நாடெங்கும் ஒரே ராகம். ஆங்கிலப் பள்ளியானால் 'ஃபிங்கர் ஆன் தி லிப்ஸ்'. வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருக்கும் நாற்பது குழந்தைகளைப் பார்த்து, 'என்ன ஒழுக்கம்!' என்று வியக்கும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்க ஆளில்லாதபோது அந்த விரல் எங்கே போகிறது என்பதைப் பள்ளி விட்டபின் பேருந்து நிறுத்தத்தில் பார்க்கலாம்.

அமைதியைக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கவே முடியாதா? முடியும் என்று காட்டியவர் மரியா மாண்டிசோரி. 1907இல் ரோம் நகரின் சான் லோரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் ஒருநாள் நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றைத் தூக்கி வந்தார். இந்தப் பாப்பா எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள், இதன் மூச்சுகூடக் கேட்கவில்லை, உங்களால் இப்படி இருக்க முடியுமா என்றார். பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். அறையில் அதுவரை கேட்காத சின்னச் சின்ன ஓசைகள் கேட்கத் தொடங்கின. அது 'அமைதி விளையாட்டு' ஆயிற்று. வாயை மூடு என்ற கட்டளைக்கும் இதற்கும் இடையில் ஒரு கடல் இருக்கிறது. இங்கே குழந்தை தன் உடலைத் தானே ஆளுகிறது.

மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தவர். உலகப் போர் மூண்டதால் இங்கேயே தங்க நேர்ந்து, கொடைக்கானலில் இரண்டு ஆண்டு கழித்தார். அவர் பெயரைப் பலகையில் எழுதி வைத்த பள்ளிகள் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒன்று. அவற்றில் எத்தனை பள்ளிகளில் அவர் உண்டு என்பது வேறு கதை.

ஆனால் அந்த விளையாட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் பலிக்காது என்பதற்கும் சான்று இருக்கிறது. அதுவும் மட்டாஞ்சேரிக்குச் சொந்தமான ஒரு மொழியில். இங்கே குஜராத்திகளுக்குத் தனித் தெருவும் பள்ளியும் உண்டு. அவர்கள் மொழியில் ஆசிரியை 'பென்', அதாவது சகோதரி. அந்த மொழியின் பெரிய கல்வியாளர் கிஜுபாய் பதேகா. பாவ்நகரில் 1920இல் குழந்தைகளுக்கான பால மந்திர் தொடங்கியவர். மீசை வைத்த அம்மா என்று குழந்தைகள் உலகம் அவரைக் கொண்டாடியது. 1930களின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'திவாஸ்வப்னா' என்ற நூலில் ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பை ஏற்று முதல் நாளே இந்த அமைதி விளையாட்டை நடத்திப் பார்க்கிறார். படுதோல்வி. அறையில் கூச்சலும் சிரிப்பும். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு யோசிக்கிறார். மறுநாள் கதை சொல்ல உட்காருகிறார். யாரும் சொல்லாமலே வகுப்பு அடங்குகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அவர் அதுவரை யாரோ ஒருவர். கதைக்குப் பிறகுதான் அவர் சொல்லைக் கேட்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது.

மாண்டிசோரி முறையில் இன்னொரு சங்கதி எனக்கு மிகவும் பிடித்தது. நயமாக நடந்துகொள்வதை அவர்கள் தனிப் பாடமாகவே நடத்துகிறார்கள். புத்தகம் கிடையாது. இரண்டு நிமிட நாடகம். டீச்சர் இன்னொருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார், உனக்கு அவசரம், என்ன செய்வாய்? அருகே போய் அவர் தோளில் மெதுவாகக் கை வைத்துவிட்டுக் காத்திரு. அவர் திரும்புவார். இதை ஒரு குழந்தை நடித்துக் காட்டும். பிறகு இன்னொன்று. கதவை ஓசையில்லாமல் சாத்துவது எப்படி, தும்மல் வந்தால் என்ன செய்வது, தரையில் பாய் விரித்து வேலை செய்பவனை மிதிக்காமல் சுற்றிப் போவது எப்படி எல்லாம் இப்படியேதான். முக்கியமானது, யாரும் தப்பு செய்யாத நேரத்தில் இது நடக்கும். நம் வகுப்புகளில் மரியாதைப் பாடம் எப்போதும் அடிதடிக்குப் பின்னால் வருகிறது. குற்றவாளி நடுவில் நிற்க, மற்றவர்கள் வேடிக்கை பார்க்க. அந்த நேரத்தில் குழந்தையின் காதில் அவமானம் மட்டுமே விழும்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அதற்கு முன்பே 2003இல் தமிழ்நாடு தன் கல்வி விதிகளைத் திருத்திப் பிரம்பை விலக்கிவிட்டது. பிரம்பு போன இடத்தில் வேறொன்றை வைக்க ஆசிரியருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதே சட்டம் தொடக்க வகுப்புகளில் முப்பது குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஒரே அறையில் இரண்டு, மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு, கணக்கெடுப்பும் பதிவேடும் பார்த்துக்கொண்டு திண்டாடும் ஆசிரியையிடம் போய்த் தோளில் கை வைக்கும் நாடகத்தைப் பற்றிப் பேச எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் பேச வேண்டியிருக்கிறது. காரணம், 'ஆயா வந்துச்சு' வெறும் இலக்கணத்தோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அடுத்த மாதமே தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி என்ற ஊரிலிருந்து செய்தி வந்தது. சமைத்தவர் தலித் பெண் என்பதால் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் பலர் காலை உணவைத் தொடவில்லை. கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் அதிகாரிகளோடு போய்க் குழந்தைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழந்தைகளும் சாப்பிட்டார்கள். நாடெங்கும் படம் வந்தது.

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் பசியோடு ஒரு தட்டைத் தள்ளி வைக்கத் தாங்களாகத் தீர்மானிப்பதில்லை. வீட்டில் யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் தங்கள் கணக்கில் பெரியவர்கள் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தவை. 'மரியாதை தெரிந்த' பிள்ளைகள்! வயற்காட்டில் நரைத்த தலையோடு வேலை செய்பவரை நில உரிமையாளர் வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லி, 'வா', 'போ' என்று ஏவும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. அந்தச் சிறுவனும் தன் தாத்தா முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நின்றவன்தான். மேலே பார்த்துக் குனிவதையும் கீழே பார்த்து நிமிர்வதையும் ஒரே பாடமாக நடத்தினால் இப்படித்தான் விளையும். தலைவர்கள் ஒருநாள் உட்கார்ந்து சாப்பிடலாம். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே அடுப்படியில் நிற்கும் பெண்ணைக் குழந்தைகள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதை அந்தப் பள்ளியின் ஆசிரியரால்தான் பார்த்துக்கொள்ள முடியும். அவர் "சாப்பாடு ஆச்சாம்மா?" என்று கேட்டால் பிள்ளைகளுக்கும் அவர் அம்மா. அவர் "ஏய், ஆச்சா?" என்றால் பண்பாட்டு வகுப்பு எத்தனை நடத்தினாலும் வீண்.

கொங்கு நாட்டில் இதற்கு ஒரு சுலபமான வழி எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லாருக்கும் 'ங்க' போட்டுவிடுவது. "சாப்பிடுங்க கண்ணு", "எந்திரிங்க சாமி" என்று தொட்டிலில் கிடப்பதற்கே மரியாதை விழும். அதைக் கேட்டு வளர்கிற பிள்ளை வேறெப்படிப் பேசும்? (சாதி விஷயத்தில் கொங்கு நாடு சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 'ங்க' எல்லார் வாசலிலும் ஒரே அளவில் விழுந்ததில்லை.) தமிழ்நாட்டில் இப்போது சில தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் குழந்தைகளை "வாங்க, சொல்லுங்க, உட்காருங்க" என்று பேசுவதைப் பார்க்கிறேன். சில பெற்றோருக்கு இது பிடிப்பதில்லை. பிள்ளை கெட்டுப்போகும் என்கிறார்கள்.

கேரளத்தில் ஜூன் மாதப் பள்ளித் திறப்பை 'பிரவேசனோத்சவம்' என்று விழாவாகவே நடத்துகிறார்கள். பலூன், தோரணம், மிட்டாய், மேளம், ஒரு தலைமை விருந்தினர். முதல் வகுப்புக்கு வரும் குழந்தைகளுக்கு ஹெட்மாஸ்டரையும் டீச்சர்களையும் வரிசையாக அறிமுகப்படுத்துவார்கள். மதிய உணவு சமைப்பவர் அந்த நேரத்தில் சமையலறையில் பாயசம் கிளறிக்கொண்டிருப்பார். அடுத்த ஆண்டு பாயசத்தை அரை மணி முன்னதாக இறக்கி வைத்துவிட்டு, அவரையும் அந்த வரிசையில் நிறுத்தி ஒலிபெருக்கியில் பெயர் சொல்லலாம். பெயரோடு 'சேச்சி' சேர்ப்பதா 'டீச்சர்' சேர்ப்பதா என்பதைக் குழந்தைகள் தாங்களே பேசி முடிவு செய்துகொள்வார்கள்.